நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு வீடியோ கேம்

வண்ணார்பேட்டைக்காரனுக்குப் பிரயாணம் என்பது பிரத்தியேகமாகத் திட்டமிட்டுச் செய்யவேண்டிய காரியமல்ல. தெருமுனைக்கு வந்தால் அது தானாகவே எதிரே வந்து நிற்கும். 1843-ஆம் வருஷம் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுத் தாமிரபரணிக்குக் குறுக்கே பாலம் கட்டிக்கொடுத்த நாள்முதலாக, திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்கும் அதற்கு அப்பாலும் போகிற வண்டிகள் எங்கள் பேட்டையைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நெல்லை அலுவலகமும் இங்கேதான். ஆகவே வீட்டுக்கு ஒருவராவது பெட்டியும் கையுமாக எங்கேயாவது போய்க்கொண்டோ, எங்கிருந்தாவது வந்துகொண்டோ இருப்பார். எங்கள் வீட்டில் அந்த ஸ்தானம் என் தங்கை மகனுக்கு. சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மாதத்தில் இரண்டு தடவை வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ஏறிச் சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவான். ஞாயிறு இரவு மறுபடியும் நெல்லை எக்ஸ்பிரஸ். போகவர ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சுமார்.

இவ்வளவு தூரம் போகிற பிரயாணி கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டிகளில் எதை வாங்குவது என்ற கேள்வியை அவன்தான் முதலில் கிளப்பினான். என்னைப் போல ஆயுள் முழுவதும் தணிக்கை உத்தியோகம் பார்த்தவனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தால், அவன் பழைய வவுச்சர்களிலிருந்து ஆரம்பிக்காமல் விடமாட்டான் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

வழிப்போக்கர்களின் விளையாட்டு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பழைய கோயில் மண்டபங்களிலும் சத்திரத்துத் திண்ணைகளிலும் தரைக்கல்லில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை நெல்லைச் சீமையில் சுற்றியவர்கள் பார்த்திருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். செலவில்லாத ஆட்டந்தான், ஆனால் கட்டம் கல்லிலே கிடக்கிறது, பிரயாணியோ எழுந்து போகவேண்டியவன். ரயில் வந்தபிறகு சீட்டுக்கட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான்கு பேர் வேண்டும், நால்வருக்கும் நடுவே விரிப்பதற்கு ஒரு துண்டு வேண்டும், டிக்கெட் பரிசோதகர் வந்தால் கலைத்துவிட்டு அவர் போனபின் யார் கையில் என்ன இருந்தது என்று வாக்குவாதம் பண்ணவேண்டும். ஆட்டத்தை இடையிலே நிறுத்திவைத்து, நிறுத்திய இடத்திலிருந்தே தொடருவது எப்படி என்பது அப்போதே பிரயாணியின் கவலையாக இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

கைப்பெட்டி விளையாட்டு பிறந்ததும் ஒரு ரயில் வண்டியில்தான் என்று சொல்லவேண்டும். ஜப்பானிலே நிண்டெண்டோ கம்பெனியில் வேலைபார்த்த குன்பெய் யோகோய் என்பவர், ஷின்கான்ஸென் ரயிலில் போகும்போது எதிரே ஒரு உத்தியோகஸ்தர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, கைக்குள் அடங்கி, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலும் ஆடக்கூடிய ஒரு சாமான் செய்தால் என்ன என்று யோசித்தாராம். அந்த யோசனையிலிருந்து 1980-இல் வெளிவந்ததுதான் 'கேம் அண்ட் வாட்ச்'. கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியினால் மலிந்து கிடந்த திரவப் படிகத் திரையை எடுத்து விளையாட்டுக்குத் திருப்பிவிட்டார். புத்தம்புது யந்திர நுட்பத்தைத் துரத்தாமல், பழகித் தேய்ந்து விலை இறங்கிய நுட்பத்தைப் புதுவழியில் உபயோகிப்பது என்பதே அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தம் பரீட்சைக்கு வந்தது 1989-இல். அவ்வருஷம் வெளிவந்த 'கேம் பாய்' பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. பாசிபடர்ந்த குளத்துத் தண்ணீர் போலப் பச்சை பூத்த திரை, உள்ளே விளக்குக்கூடக் கிடையாது, வெளிச்சத்தைத் தேடித் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். அதே காலத்தில் அட்டாரியின் 'லிங்க்ஸ்', அடுத்த வருஷம் சேகாவின் 'கேம் கியர்' ஆகியவை வர்ணத் திரையும் உள்விளக்கும் தாங்கி ராஜகுமாரர்களைப் போல வந்தன. ஆனால் கேம் பாய் நான்கு பென்சில் பேட்டரியில் பதினைந்து மணிநேரத்துக்குக் குறையாமல் ஓடிற்று; கேம் கியரோ ஆறு பேட்டரியைத் தின்றுவிட்டு நாலைந்து மணிநேரத்துக்குள் கண்ணை மூடிற்று. இதன் முடிவு என்னவென்பது உலகமறிந்தது. கேம் பாயும் அதன் வர்ணத் தம்பியும் சேர்ந்து ஏறக்குறைய பன்னிரண்டு கோடி விற்றன; மற்ற இரண்டும் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போயின. திருநெல்வேலியில் ஏறினவன் மதுரை தாண்டுவதற்குள் அணைந்துபோகிற விளக்கு எத்தனை பிரகாசமாக எரிந்தால்தான் என்ன?

கேம் பாயை நம் ஊரில் கண்ணால் கண்டவர் சொற்பம். நமக்கு வந்து சேர்ந்தது, 1990-களில் சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக இறங்கிய 'பிரிக் கேம்'. மேலே சிறு திரை, கீழே மஞ்சளோ சிவப்போ பொத்தான்கள், முகப்பில் '9999 இன் 1' என்று கூசாமல் அச்சிட்ட பொய். ஆனித் தேரோட்டத்துக்குக் கீழரத வீதியிலும், ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும், பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவே தொங்கவிட்டு விற்றார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்னும் ருஷ்யர் கண்டுபிடித்த டெட்ரிஸ் ஆட்டந்தான். அதை வீட்டில் யாரும் 'டெட்ரிஸ்' என்று அழைத்து நான் கேட்டதில்லை. 'கட்டை அடுக்குறது' என்பார்கள். நானும் அடுக்கியிருக்கிறேன். இரண்டு பேட்டரியில் மாசக்கணக்காக ஓடியது. அதற்கப்புறம் நோக்கியா போனில் பாம்பு வந்தது. பெரியவர்களும் வெட்கமில்லாமல் விளையாட ஆரம்பித்தது அப்போதுதான்.

பேட்டரியைப் போலவே பிரயாணிக்கு முக்கியமான மற்றோர் அம்சத்தை நிண்டெண்டோ கம்பெனி பிற்பாடுதான் கண்டுகொண்டது. 2003-இல் வந்த 'கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.' ஒரு மூடியோடு வந்தது. மறுவருஷம் வந்த 'டி.எஸ்.' என்னும் பெட்டியில் அந்த மூடியைச் சாத்தினால் ஆட்டம் அப்படியே உறங்கும். திறந்தால் விட்ட இடத்தில் விழிக்கும். பஞ்சாங்கத்தை மூடி வைப்பதைப்போல அத்தனை சுலபம். அந்தப் பெட்டி பதினைந்து கோடிக்குமேல் விற்றதற்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், பிரயாணம் செய்கிறவன் என்ற முறையில் நான் முதன்மையாக எண்ணுவது அந்த மூடியைத்தான். வீட்டில் ஆடுகிறவன் ஆட்டத்தை எப்போது முடிப்பது என்பதைத் தானே நிர்ணயித்துக்கொள்கிறான். ரயிலில் போகிறவனுக்கு அந்தச் சுதந்தரம் இல்லை. வாஞ்சி மணியாச்சியில் ஒருவர் வந்து 'கொஞ்சம் தள்ளிக்கிடுங்க' என்பார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வரும். நடுப்படுக்கைக்காரர் ஒன்பது மணிக்கே படுக்கையைத் தூக்கி மாட்டவேண்டும் என்பார். ஒரு கைப்பெட்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைக் காட்டிலும் எவ்வளவு நன்றாக நிற்கிறது என்பதே பிரயாணிக்குரிய உரைகல் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் இதைத் தவிர மற்றெல்லாவற்றையும் அளந்து சொல்கிறார்கள்.

இது வெறும் ஊகமல்ல. கண்ணெதிரே கண்ட அனுபவம். போன வருஷம் ஒரு ஞாயிறு இரவு நானும் மருமகனும் ஒன்றாகச் சென்னைக்குப் புறப்பட்டோம். அவன் கையில் புதிதாக வாங்கிய பெரிய பெட்டி ஒன்று. விண்டோஸ் போட்டு ஓடுவது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். சாத்தூர்வரை ஏதோ ஒரு பட்டணத்தில் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். பரிசோதகர் வந்ததும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி உறங்கவைத்துப் பைக்குள் திணித்தான். பிறகு நாங்கள் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். திண்டுக்கல் தாண்டியிருக்கும்; மேல்படுக்கையிலிருந்து அவன் குரல்: 'மாமா, பையத் தொட்டுப் பாருங்க, கொதிக்கி.' தொட்டேன், இட்லிக் கொப்பரையின் மூடி மாதிரி இருந்தது. உறங்கினதாக நாங்கள் நினைத்த யந்திரம் பைக்குள்ளேயே தானாக விழித்துக்கொண்டு, காற்றாடி சுழல, யாருமில்லாத ரஸ்தாவில் கார் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. திருச்சி வருமுன் பேட்டரி காலி. காலையில் செங்கல்பட்டில் விழித்து ஆடலாம் என்றிருந்த பையன், ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

விண்டோஸ் என்பது மேஜைக் கம்ப்யூட்டருக்காகப் பிறந்த மென்பொருள். உறங்கும்போதும் ஏதாவது அப்டேட் வந்திருக்கிறதா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற சுபாவம் அதற்கு உண்டு. ஏசஸ் கம்பெனியின் 'ஆர்.ஓ.ஜி. அல்லை', லெனோவாவின் 'லீஜன் கோ' முதலிய பலமான பெட்டிகளெல்லாம் இந்த மென்பொருளோடுதான் முதலில் வந்தன. 2022-இல் வால்வ் கம்பெனி வெளியிட்ட 'ஸ்டீம் டெக்' மட்டும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'ஸ்டீம் ஓ.எஸ்.' என்னும் பிரத்தியேக மென்பொருளோடு வந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஆட்டம் நடுவிலே நிற்கும், மறுபடி அழுத்தினால் சில விநாடிகளில் அதே இடத்தில் தொடரும். 2025-இல் லெனோவா தன் 'லீஜன் கோ எஸ்' பெட்டியை ஸ்டீம் ஓ.எஸ். போட்டும் விற்க முன்வந்ததும், அதே வருஷம் மைக்ரோசாஃப்டும் ஏசஸும் கூடி விண்டோஸின் பின்னணிச் சுமையைக் குறைத்து 'எக்ஸ்பாக்ஸ் அல்லை' என்று ஒன்றைக் கொண்டுவந்ததும், பழைய ஏற்பாட்டில் குறை இருந்தது என்பதை அவர்களே ஒத்துக்கொண்டதற்குச் சமானம்.

இனி எடையைப் பற்றிச் சொல்லவேண்டும். கிராம் கணக்கில் சொன்னால் மனசில் நிற்காது. திருநெல்வேலிக்காரனுக்கு அல்வாக் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும். நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச் லைட்' 275 கிராம், அதாவது கால் கிலோ அல்வாவும் மேலே கொசுறாக ஒரு விள்ளலும். ஓலெட் திரை போட்ட ஸ்விட்ச் 420 கிராம். 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2' 534 கிராம், அரைக்கிலோவுக்குச் சற்று மேல். அல்லை 608, ஓலெட் திரை போட்ட ஸ்டீம் டெக் 640. லீஜன் கோ 854 கிராம். ஏறக்குறைய முழுக் கிலோப் பொட்டலத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பானது. மேல்படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஆடுகிறவன் கண்ணயர்ந்தால் மூக்குக்கு என்ன கதி என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியின் கணக்கு இன்னும் எளிது. குடத்தில் எவ்வளவு தண்ணீர், குழாய் எவ்வளவு பெரிது, இவ்வளவுதான். முதல் ஸ்டீம் டெக்கின் குடம் 40 வாட்-மணி. கனமான ஆட்டம் ஆடினால் யந்திரம் திரையோடு சேர்த்து இருபது வாட்டுக்குக் குறையாமல் குடிக்கும். இரண்டு மணிநேரத்தில் குடம் காலி. இலேசான ஆட்டமென்றால் ஏழெட்டு மணிவரை வரும். 2023 நவம்பரில் வந்த ஓலெட் டெக் குடத்தை 50 ஆக்கிற்று. 'அல்லை எக்ஸ்' 80 ஆக்கிற்று. பழைய ஸ்விட்ச்சை 2019-இல் திருத்தி வெளியிட்டபோது, குடத்தைப் பெரிதாக்காமல் குழாயைச் சிறிதாக்கினார்கள், அதாவது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிப் ஒன்றை வைத்தார்கள். இரண்டரை முதல் ஆறரை மணிநேரம் ஓடியது நாலரை முதல் ஒன்பது மணிநேரம் ஓடலாயிற்று. யோகோயின் சித்தாந்தம் அந்தக் கம்பெனியில் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அப்போது மகிழ்ந்தேன். ஸ்விட்ச் 2 வந்து இரண்டு முதல் ஆறரை மணிநேரம் என்றதும் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் வாடிற்று. திரை பெரிது, படம் நேர்த்தி. ஆனால் பிரயாணக் கணக்கில் கேம் கியரின் பக்கமாக ஓரடி சாய்ந்திருக்கிறது.

'ரயிலிலேதான் சார்ஜ் போட வசதி இருக்கிறதே' என்று கேட்கலாம். வந்தே பாரத்தில் உண்டு; 2023 செப்டம்பர் 24 முதல் ஓடுகிற அந்த வண்டியில் ஆசனத்துக்கு ஆசனம் மின்செருகி, எதிரே சாமான் வைக்கப் பலகை, எட்டு மணிநேரத்துக்குள் சென்னை; கைப்பெட்டிக்காரனுக்கு அதைவிட உத்தமமான வாகனம் நம் ஊரிலிருந்து கிடையாது. ஸ்லீப்பர் பெட்டியின் விவகாரம் வேறு. அங்கே எட்டுப் பேருக்கு இரண்டு செருகி, அவற்றிலும் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, தீ விபத்துகளைத் தடுக்கும்பொருட்டு இரவு பதினொரு மணி முதல் காலை ஐந்து மணி வரை அந்தச் செருகிகளில் மின்சாரத்தை நிறுத்திவைப்பது என்ற ஏற்பாடும் 2021 மார்ச்சில் வந்தது. ஆகவே பவர் பேங்க் அவசியம். இருபதாயிரம் எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது 74 வாட்-மணி. விரயம் போக ஒரு ஸ்டீம் டெக்கை ஒருமுறை நிரப்பும், ஸ்விட்ச் லைட்டை மூன்று தடவைக்குமேல் நிரப்பும். டெக்குக்கு 45 வாட் கொடுக்கிற பேங்காகப் பார்த்து வாங்கவேண்டும். போனுக்கு வாங்கினதைப் பொருத்தினால், ஆடும்போது நிரம்பாது, வடிவது தாமதப்படும், அவ்வளவுதான். தூத்துக்குடியிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறுகிறவர்கள் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். நூறு வாட்-மணிக்குள் இருந்தால் தொந்தரவில்லை.

வெயிலும் ஒரு பகைதான். 2022 ஜூலையில் ஐரோப்பாவும் ஜப்பானும் வெயிலில் வெந்தபோது, ஸ்விட்ச்சை 5 முதல் 35 டிகிரிக்குள்தான் உபயோகிக்கவேண்டும் என்று நிண்டெண்டோவும், டெக்கை 35 டிகிரிக்குமேல் உள்ள இடத்தில் ஆடவேண்டாம் என்று வால்வும் அறிவித்தன. அக்கினி நட்சத்திரத்தில் ஆற்றங்கரையில் இருந்துகொண்டே நாற்பதைத் தொடுகிற நாங்கள் அதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சித்திரை, வைகாசியில் பகல் பிரயாணத்துக்கு ஏ.சி. பெட்டி கிடைத்தால் ஆடுக. கிடைக்காவிட்டால் பையிலே ஈரத்துண்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

தனியாக ஒரு பெட்டி எதற்கு, கையில்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறதே என்பது பலருடைய வாதம். இதில் நியாயம் உண்டு. இன்னொரு சாமானைச் சுமக்காமல் தப்பலாம். ஆனால் இக்காலத்துப் பிரயாணிக்குப் போனிலேதான் டிக்கெட், போனிலேதான் பணம், எழும்பூரில் இறங்கினால் ஆட்டோ கூப்பிடுவதும் அதிலேதான். வழியெல்லாம் விளையாடித் தீர்த்துவிட்டு, விடியற்காலையில் கறுத்த கண்ணாடித் துண்டோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப்போல அசடு வேறில்லை. பெட்டியின் பேட்டரி செத்தால் பொழுது போகாது. போனின் பேட்டரி செத்தால் ஆளே போகமுடியாது. பொழுதுபோக்கையும் ஜீவாதாரத்தையும் ஒரே குடத்தில் ஊற்றிவைக்கக்கூடாது என்பதற்காகவே தனிப்பெட்டியை நான் ஆதரிக்கிறேன்.

மேலும் போனில் இன்றைக்குப் பிரபலமான ஆட்டங்களில் பல இணையம் இல்லாமல் நகராதவை. இணையத்தை நம்பிப் பிரயாணம் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, திருநெல்வேலியிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிச் செங்கோட்டைக்கு அப்பால் ஒருமுறை போய்வருவது. பகவதிபுரம் தாண்டி மலை ஏற ஏறக் குகைகள் வரும், ஆரியங்காவு வரும், பதின்மூன்று கண் பாலம் வரும், சிக்னல் மட்டும் வராது. 1904-இல் போட்ட பாதை. அகலப்பாதையாக்கி 2018-இல் திறந்தார்கள். இதேபோல் இணைப்பை நம்பியே நிற்கிற சோனியின் 'பிளேஸ்டேஷன் போர்ட்டல்' என்னும் பெட்டி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு 18,990 ரூபாய் விலையில் வந்தபோது, விலையைப் பார்த்துப் பலர் மயங்கினார்கள். அது தானாக விளையாடுகிற பெட்டியல்ல. வீட்டிலிருக்கும் பிளேஸ்டேஷன் 5 ஆடுகிற ஆட்டத்தை வைஃபை வழியாகக் காட்டுவதற்கென்று செய்தது. சிம் போடவும் இடமில்லை. கூடத்து டி.வி.யில் மாமியார் சீரியல் பார்க்கும்போது அடுத்த அறைக்குப் போகிறவருக்கு உகந்தது. அடுத்த ஊருக்குப் போகிறவர் அதைத் தொடவேண்டியதில்லை.

வாங்குவதிலுள்ள சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரயாணத்துக்கு மிகவும் ஏற்றவை என்று நான் இதுவரை சொல்லிவந்த ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டையும் அந்தந்தக் கம்பெனிகள் இந்தியாவில் முறைப்படி விற்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைப்பவை, வெளிநாட்டிலிருந்து வியாபாரிகள் தருவித்தவை. அல்லது துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் கைப்பையில் வந்தவை. ஸ்விட்ச்சின் கேம் கார்டுக்கு எந்த நாட்டுப் பெட்டி என்ற பேதமில்லை என்பது ஆறுதல். ஆனால் வாரண்டி இங்கே செல்லாது. நிண்டெண்டோவின் இணையக் கடையும் இந்தியாவுக்கென்று கிடையாது, அமெரிக்கக் கணக்கு ஒன்று தொடங்கி முன்பணக் கூப்பன் வாங்கித்தான் காரியம் நடக்கவேண்டும். ஸ்டீம் கடையோ நேர்மாறு: பெட்டி விற்கமாட்டார்கள், ஆட்டத்தை மட்டும் ரூபாயில் விலைபோட்டு யு.பி.ஐ.யிலேயே பணம் வாங்கிக்கொள்வார்கள். 2023 ஜூலையில் 69,990 ரூபாய்க்கு அல்லை நம் நாட்டுக் கடைகளில் பகிரங்கமாக வந்து இறங்கியதும், பில்லும் வாரண்டியும் கேட்கிற ஜாதியார் அதன் பக்கம் சாய்ந்ததும் இதனால்தான். நானும் ஜன்மத்தில் பில் கேட்கிற ஜாதி. ஆனாலும் இங்கே என் ஜாதிக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லவேண்டியிருக்கிறது. பைக்குள்ளே விழித்துக்கொள்கிற யந்திரத்துக்குப் பில் இருந்து என்ன பிரயோஜனம்?

பழுது என்று வந்தால், முதலில் கெடுவது விரலால் திருகுகிற சிறுகுமிழ்தான். தொடாமலே ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும். ஸ்விட்ச்சின் இந்த வியாதி உலகப் பிரசித்தம். ஸ்விட்ச்சில் பக்கக் கைப்பிடியைக் கழற்றி வேறு மாட்டலாம். லைட்டில் அது உடம்போடு ஒட்டியது, பிரித்துத்தான் பார்க்கவேண்டும். கைதேர்ந்த செல்போன் சர்வீஸ்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு முக்கால் மணியில் மாற்றிக்கொடுத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உதிரி மட்டும் தபாலில் வரவேண்டியிருந்தது.

ஆட்டங்களை அட்டையாக வாங்குவதா, இறக்கிக்கொள்வதா என்பதற்குப் பிரயாணியின் பதில் இரண்டுங்கெட்டானாகத்தான் இருக்கும். அட்டையை ஆடி முடித்தபின் விற்கலாம். ஆனால் கீழ்ப்படுக்கைக்கு அடியில் ஒருமுறை விழுந்தால் அது ரயில்வேக்குச் சொந்தம். ஸ்விட்ச் 2-க்கு வருகிற சில அட்டைகளில் ஆட்டமே இல்லை, திறவுகோல் மட்டுந்தான். முழுதும் இணையத்திலிருந்து இறங்கவேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டேஷனில் வந்து உறையைப் பிரிக்கிறவன் விழுப்புரம்வரை இறங்குகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டு வைஃபையில் எல்லாவற்றையும் இறக்கி, ஒருமுறை திறந்துபார்த்து, இணையத்தை அணைத்துவிட்டு மறுபடி திறக்கிறதா என்றும் பார்த்தபின்தான் செருப்பை மாட்டவேண்டும்.

ஆன்பெர்னிக், மியூ என்ற பெயர்களில் வருகிற சீனத்துச் சிறுபெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். உள்ளங்கையில் அடங்குகின்றன, பழைய கேம் பாய் ஆட்டங்களை அழகாக ஆடுகின்றன, விலையும் சகாயம். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நிரப்பி விற்கிறார்களே, அவற்றுக்கு உரிமைக்காரர்களிடம் அனுமதி பெற்றார்களா என்று கேட்டால் பதில் வராது. '9999 இன் 1' என்ற அந்தப் பழைய அச்சடித்த பொய்யின் பேரன்மார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பஸ் பிரயாணத்துக்கு எந்தப் பெட்டியையும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண் திரையில் நிலைத்திருக்கிறது, காதுக்குள்ளிருக்கும் சமநிலைக் கருவியோ உடம்பு ஆடுகிறது என்று சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் வயிறு தீர்ப்புச் சொல்லிவிடும். தென்காசிக்கு ஒன்றரை மணிநேரம். அதற்குள் எலுமிச்சம்பழத்தை முகரவேண்டிய நிலைக்கு வருவானேன்?

எந்தப் பெட்டியானாலும் அதில் எதை ஆடுவது என்பதும் பிரயாணக் கேள்வியே. எங்கள் வண்ணார்பேட்டையில்தான் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்னும் இலக்கியச் சபை கூடிற்று; ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அதிலேயே ஊறித் திளைப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நூறு மணிநேரம் ஆடவேண்டிய காவியம் போன்ற ஆட்டங்களை நான் இகழவில்லை. ஆனால் அவற்றை வீட்டில் வைத்து ஆடலாம். ரயிலுக்குத் தனிப்பாட்டு மாதிரி பத்து நிமிஷத்தில் முழுமை பெறுகிற ஆட்டம் வேண்டும்.

ஸ்விட்ச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பலநாள் யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். அதன் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை மருமகன் சிநேகிதனிடமிருந்து அதை இரவல் வாங்கி வந்திருந்தான். விருதுநகரில் ஏறிய குடும்பத்தில் எட்டு வயசுப் பிள்ளை ஒன்று, எதிரே உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தது. இவன் ஒரு கைப்பிடியைக் கழற்றி நீட்டினான். பெட்டியை ஜன்னலோரப் பலகையில் சாய்த்துவைத்து, இருவரும் மதுரைவரை மரியோ கார் ஓட்டினார்கள்; மூன்று தடவையும் பிள்ளைதான் ஜெயித்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஆடியதால் பக்கத்துப் படுக்கைக்காரரும் முணுமுணுக்கவில்லை. மதுரையில் அந்தப் பிள்ளையின் தாயார் கொடுத்த முறுக்கில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. லைட்டில் இந்தக் கழற்றுகிற வித்தை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆக, மாதத்தில் இரண்டு தடவை ஸ்லீப்பரில் போகிற ஒண்டிக்கட்டைக்கு ஸ்விட்ச் லைட். கூடப் பிள்ளைகள் வருகிறவர்களுக்கு ஓலெட் ஸ்விட்ச். ஏற்கெனவே ஸ்டீம் கணக்கில் ஆட்டங்களை வாங்கிக் குவித்துவிட்டவர்களுக்கு ஓலெட் டெக். விண்டோஸ் பெட்டிகள் ஓட்டல் அறையில் போய் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு. இவ்வளவையும் நாலு பக்கத்தில் எழுதி மருமகனிடம் கொடுத்தேன். அவன் படித்துப் பார்த்துவிட்டு, 'சரிதான் மாமா, ஆனா லைட்டோட திரை சின்னது' என்று இழுத்தான். அடுக்களையிலிருந்து என் தங்கை வெளியே வந்தாள். மேஜைமேல் கிடந்த அவனுடைய பழைய பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். 'ஏல, இந்தத் தடியன எடுத்துக்கிட்டுப் போனா, ஆபீஸ்காரங்களுக்கு அல்வாவ எங்க வைக்க?' என்றாள்.

போன மாசம் அவன் புறப்பட்டபோது பையைத் திறந்து பார்த்தேன். நீலநிற லைட் ஒன்று, துண்டில் சுற்றி. அதற்குமேல் அரைக்கிலோப் பொட்டலம் இரண்டு.